மாடு தின்னாத புல்

என் மனைவி வைத்த மீன்குழம்பில் உப்பு அதிகம் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். எங்கள் மூத்த மகள் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளின் விருந்து அது. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் பாராட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். என் மனைவி குழம்புச் சட்டியோடு வந்து நின்று, "எப்படி இருக்கு கெமிஸ்ட்டம்மா?" என்று கேட்டாள். அவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில் என்ன என்று அவர் யோசிப்பது வெளியே தெரிந்தது.

"மீன் ரொம்ப நல்லா இருக்கு. உப்புதான் கொஞ்சம் கூட" என்றார்.

அதன்பிறகு ஒரு மாதத்துக்கு என் மனைவி அவர் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை. பிறகு என்ன ஆனதோ, பிள்ளைக்கு வாங்கிய துணி சாயம் போகுமா, கடைக்காரன் கொடுத்த எண்ணெய் கலப்படமா என்று எது வந்தாலும், "உங்க கெமிஸ்ட்டம்மாட்ட காட்டிட்டு வாங்க. அவியதான் உள்ளதச் சொல்லுவாவ" என்று என்னிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள்.

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கெமிஸ்ட்டம்மா என்றே இருக்கட்டும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஒரு ஊரில் பிறந்தவர். கல்லூரியில் வேதியியல் படித்தவர். கல்யாணம் ஆகவில்லை. நான் அவரைப் பார்த்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கும் ஏறக்குறைய அதே வயது. இருந்தாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. எண்ணெய் விலை எங்கோ வெளிநாட்டில் ஏற, இங்கே மண்ணெண்ணெய்க் கடை வாசலில் டின்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தருவைகுளம் போகிற சாலையில் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, புல்லிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிட்டங்கிக்குப் பின்னால் தரைக்குள் செங்கல்லில் கட்டிய இரண்டு தொட்டிகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். உள்ளே கேஸ் சேர்ந்தால் டிரம் மேலே எழும்பும். அந்த டிரம்களை வெல்டிங் வைத்துச் செய்த ஃபிட்டர் நான். திருநெல்வேலியிலிருந்து மாதம் இரண்டு முறை வந்துபோகும் ஓர் இன்ஜினியர் எங்களுக்கு மேலே. வண்டியில் வந்திறங்கும் புல்லை வெட்டித் தர தருவைகுளத்துப் பெண்கள் நாலு பேர். மற்ற எல்லாமே கெமிஸ்ட்டம்மாதான்.

சாணத்தில் கேஸ் எடுப்பது அப்போதே பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கடற்கரையில் யாரிடம் மாடு இருக்கிறது? எங்கள் ஆட்களிடம் வள்ளம் இருக்கும், வலை இருக்கும், மாடு இருக்காது. அதனால்தான் புல். அதற்கென்று ஆத்தூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் யாருக்கும் உதவாத ஒரு துண்டு நிலத்தில் நாணல் நட்டிருந்தார். அங்கிருந்த விவசாயிகள், "அடுப்பெரிக்கவா பயிர் வைக்கிய?" என்று சிரித்தார்கள். சோளம் போட்டால் சீக்கிரம் வருமே என்று இன்ஜினியர்கூடக் கேட்டார்.

"சோளத்தட்டைய மாடு திங்கும் சார். அது திங்கிறத நாம எரிச்சா, அப்புறம் அது எதத் திங்கும்? மாடு மோந்துகூடப் பாக்காத புல்லாப் பாத்துத்தான் நட்டிருக்கு" என்றார்.

மாடு தின்னாத புல்லைத் தொட்டியும் தின்னவில்லை. அதுதான் எங்கள் இரண்டு வருடக் கதை.

வெட்டிய நாணலை அப்படியே போட்டால் மிதக்கும். மேலே பாய் விரித்ததுபோல் படிந்து இறுகிக்கொள்ளும். பத்து நாள் கழித்து நீளக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். குத்துவது என் வேலை. உள்ளே இருக்கும் புல் போட்ட நாளில் இருந்த மாதிரியே விறைப்பாக இருக்கும். "தோல் கெட்டி அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் அதத் தின்னு கேஸ் விடணும். அதுக்குப் பல்லு கிடையாது. நாமதான் மென்னு குடுக்கணும்" என்பார்.

மென்று கொடுப்பதற்கு அவர் செய்யாதது இல்லை. கையால் சுற்றும் சக்கரக் கத்தியில் விரல் கணு அளவுக்கு நறுக்கச் சொன்னார். அண்டாவில் போட்டு அவித்தார். அவிக்கிற விறகுக்குக் கிடைக்கிற கேஸ் ஈடாகாது என்று அவரே கணக்குப் போட்டு நிறுத்தினார். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்தார். கடைசியில் சுண்ணாம்புக்கு வந்தார். எங்கள் கடற்கரையில் சிப்பி சுட்ட சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. காளவாசலிலிருந்து மூட்டையாக வரும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, அதில் நறுக்கிய நாணலை ஏழு நாள் ஊறப்போட்டு, காரம் போக மூன்று முறை அலசி, பிறகு தொட்டியில் போட்டு, பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி ஒரே ஒரு வாளி சாணம் கரைத்து ஊற்றுவோம். அதற்கு மேல் சாணம் கூடாது. கூடினால் எதிலிருந்து கேஸ் வந்தது என்று தெரியாமல் போகும்.

ஊறிய புல் நன்றாகவே மிருதுவானது. அவர் கைகளும்தான் ஊறி வெந்துபோயின. விரல் இடுக்கெல்லாம் வெடித்து வெள்ளை வெள்ளையாக உரிந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் கையை விடுவார். குச்சியால் கிண்டினால் போதுமே என்றால், "கை வச்சாத்தான் எவ்வளவு இளகியிருக்குன்னு தெரியுது" என்பார்.

ஆனால் டிரம் எழும்பவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு அளவுகோலோடு வந்து டிரம்மின் உயரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகத் தேதி, எதிரே 'ஒன்றுமில்லை'. இன்ஜினியர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வாயு உற்பத்தி தொடக்க நிலையில் உள்ளதுன்னு எழுதப்படாதா?"

"தொடங்கவே இல்லையே சார்."

கிண்டல் இல்லை, பிடிவாதமும் இல்லை. அப்படி எழுதலாம் என்பதே அவருக்குப் புரியவில்லை என்றுதான் தோன்றியது.

எனக்கு அவர்மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது மரியம்மாள் விஷயத்தில். புல் வெட்ட வரும் நாலு பெண்களில் மூத்தவள். புருஷன் கடலுக்குப் போய் வராமல் போனவன். அவள் வீட்டுக் குசினியில் புகை அடித்து அடித்து அவளுக்கு எந்நேரமும் கண் சிவந்து நீர் வடியும். ஒருநாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, இந்தக் கேஸு எங்க குசினிக்கு எப்பம்மா வரும்?" என்று கேட்டாள்.

"தெரியாது மரியம்மா. உங்க வீட்டுக்கு வராமலும் போவலாம்" என்றார் கெமிஸ்ட்டம்மா.

மறுநாள் இரண்டு பேர்தான் வேலைக்கு வந்தார்கள். மரியம்மாள் வரவில்லை. நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "வரும்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா கொறஞ்சிரும்? அந்தப் பொம்பள சந்தோசமா நாலு கட்டுக் கூட வெட்டியிருப்பா."

அலசிக்கொண்டிருந்த புல்லிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "வரும்னு சொல்லிட்டா அவ மழைக்கு வெறகு சேத்து வைக்க மாட்டா அண்ணாச்சி. ஐப்பசில அடுப்புக்கு என்ன செய்வா?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் என் கோபம் போகவில்லை. சரியாகப் பேசுகிற ஒருவரோடு தினமும் எட்டு மணி நேரம் இருப்பது எவ்வளவு அலுப்பு என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வருடம் சித்திரையில், சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர் பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் திட்டம் தொடரும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். வருகைக்கு இன்னும் மூன்று வாரம். இன்ஜினியர் என்னைத் தனியாகக் கிட்டங்கிக்கு வெளியே கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, அவர் வர்ற அன்னைக்கு அடுப்பு எரியணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்."

நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் கெமிஸ்ட்டம்மா நாணலைப் பார்க்க ஆத்தூருக்கு பஸ் ஏறிவிடுவார். அந்த நேரங்களில் நான் சைக்கிளில் பால்காரர் ஒருவரின் தொழுவத்துக்குப் போய், இரண்டு பக்கமும் தகர டின் கட்டி சாணம் கொண்டுவந்து, கரைத்துப் பெரிய தொட்டியில் ஊற்றினேன். சாண கேஸ் ஓடிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்திலிருந்து பழைய கரைசலும் இரண்டு டின் வாங்கிவந்து ஊற்றினேன். திட்டம் மூடினால் எனக்கு வேலை போகும். அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். அந்த டிரம் ஒரே ஒரு தரமாவது எழும்பிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

பத்தாம் நாள் எழும்பியது.

கெமிஸ்ட்டம்மா அளவுகோலோடு வந்தவர் அப்படியே நின்றார். ஒரு தரம் அளந்தார். கையால் டிரம்மைத் தொட்டுப் பார்த்து இன்னொரு தரம் அளந்தார். "ஏன்?" என்றார் தனக்குத் தானே. எழும்பாதபோது கேட்ட அதே குரலில்தான் எழும்பியபோதும் கேட்டார். ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து எழும்பவும் அவர் முகம் மாறிவிட்டது. ஒருநாள் காலையில் டவுனிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிவந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். மரியம்மாள் வீட்டுக்கும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மேல்வரிசையில் ஒரு பல் சற்றே சாய்ந்திருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கையில் கொடுத்த மக்ரூனை நான் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

அதிகாரி வந்த நாள் காலையில், தொட்டியிலிருந்து வெளியே வழியும் கரைசலைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கிறேன் என்று கெமிஸ்ட்டம்மா குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது உள்ளங்கையில் கறுப்பாக என்னவோ இருந்தது. என்னைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

ஜீப் வந்தது. இன்ஜினியர் மாலை போட்டார். கிட்டங்கிக்குள் வைத்திருந்த அடுப்பை நான்தான் பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி நல்ல மனிதர். வயதானவர். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "புல்லுலேர்ந்து இவ்வளவு கேஸா! எப்படிப் பண்ணினீங்க? சொல்லுங்கம்மா" என்றார்.

கெமிஸ்ட்டம்மா முன்னால் வந்து கையை விரித்தார்.

"சார், இது பருத்திக்கொட்டைத் தோல். தொட்டியிலேர்ந்து வந்திருக்கு. பால் மாட்டுக்குத்தான் பருத்திக்கொட்டை வைப்பாங்க. புல்லுல இது கிடையாது. நாங்க உறைக்கு ஊத்துற ஒரு வாளி மேய்ச்சல் மாட்டுச் சாணத்துலயும் கிடையாது. இப்ப எரியிறது சாணத்துல வந்த கேஸ். புல்லுல வந்தது இல்ல."

இன்ஜினியர் தரையைப் பார்த்தார்.

"யார் போட்டது?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

'தெரியாது' என்று அவர் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அது அவரால் முடியவில்லை. அதிகாரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அடுப்பின் குழாயைத் திருகி அணைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நான்தான் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம். அந்த நேரம் வந்தது, போய்விட்டது.

"நீங்க பேசாம இருந்திருந்தா இது இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்மா" என்றார் அதிகாரி. திட்டவில்லை. களைத்துப்போன குரல்.

"ரெண்டு வருஷமும் தப்பான பக்கமா ஓடியிருக்கும் சார்" என்றார் அவர்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எம் மேல கோவமாம்மா?"

"ஆமா."

எவரானாலும் 'அதெல்லாம் இல்ல அண்ணாச்சி' என்றுதான் சொல்லியிருப்பார்கள். "அது போயிருமா?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணாச்சி. இப்ப இருக்கு" என்றார்.

மூடுகிற உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த நாட்களிலும் அவர் வழக்கம்போல வந்தார். ஏழு நாள் ஊறியது போதவில்லையோ, அலசியதும் போதவில்லையோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதனால் கடைசிக் கட்டு நாணலைப் பதினான்கு நாள் சுண்ணாம்பில் ஊறவைத்து, ஐந்து முறை அலசி, அளந்து ஒரு வாளி சாணம் உறையூற்றிச் சின்னத் தொட்டியில் போட்டு மூடினார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாண வாளியை மட்டும் அவரே தூக்கினார்.

புல் கேஸ் என்று பொய்யாக எரித்துக் காட்டியதற்கு அவரையே பொறுப்பாக்கிக் காகிதம் வந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு இன்ஜினியர் சொல்லித் துறைமுகப் பட்டறையில் வேலை கிடைத்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆடி மாதக் கடைசியில் டிரம்களைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடும்படி எனக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. ஆள் அரவம் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், பெரிய தொட்டியின் டிரம் கீழே உட்கார்ந்திருந்தது. சின்னத் தொட்டியின் டிரம் எழும்பி நின்றது. ஒரு முழத்துக்கு மேல். ஆடிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

அந்தத் தொட்டியில் நான் எதுவும் போடவில்லை. வேறு யாரும் அங்கே வந்திருக்க வழியில்லை. வெளிக்குழாயில் ஒரு பர்னரை மாட்டிப் பற்றவைத்தேன். முதலில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டேன். கொதித்த பிறகும் எரிந்தது. நான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, கைக்கடிகாரத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிடம் எரிந்தது. டிரம் இறங்கி உட்கார்ந்தது. பதினோரு மணிக்கு லாரி வந்துவிட்டது. டிரைவருக்குப் புதுத் துறைமுகத்தில் வேறு லோடு இருந்தது. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சி, எனக்குச் சொன்னதத்தான் நான் செய்ய முடியும்" என்றான். மத்தியானத்துக்குள் இரண்டு டிரம்மும் போய்விட்டன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு அவர் ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். கை விரல்கள் ஆறியிருந்தன. நான் உட்காரக்கூட இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்க ஆரம்பித்தார். எத்தனை அங்குலம்? அளந்தீர்களா, கண் மதிப்பா? தீ என்ன நிறம்? நுனி மஞ்சளா? கரைசல் நாறியதா, எப்படி நாறியது? ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு கேள்விகள் நின்றன.

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டுந்தான்."

தலையை ஆட்டினார். வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க பொய் சொல்லுதியன்னு சொல்லல அண்ணாச்சி" என்றார். "எனக்கு நம்பணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. அன்னைக்கும் அப்படித்தான் ஆசையா இருந்துச்சு. மக்ரூன்லாம் வாங்கிட்டு வந்தேன். அதனாலதான் இப்ப நம்ப முடியல."

மாதா சத்தியமாக என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அண்ணி சோறு போட்டார்கள். பிறகு பஸ் நிறுத்தம் வரை அவரும் கூட நடந்து வந்தார். அந்த வருடம் நடவு நடக்காத வயல்கள் காய்ந்து கிடந்தன. தூரத்தில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டபோது சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீலமாத்தான் எரிஞ்சுதா?"

"நீலமாத்தாம்மா."

என் முகத்தையே பார்த்தார். அதில் எதையோ கண்டுபிடித்துவிட முடியும் என்பதுபோலப் பார்த்தார். பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஏறுங்க அண்ணாச்சி" என்றார்.